உமி, தும்புச்சோறு, பொச்சு: கொழும்பு மாடிவீட்டுச் சாடிகளுக்கு எதை, எப்படிப் போடுவது

கொழும்பில் செடி வளர்க்க ஆசைப்படுகிற ஆட்களுக்கு முதல் பிரச்சினை வெயிலும் இல்லை, தண்ணீரும் இல்லை, மண்தான். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாலாம் மாடியில் இருப்பவர் மண்ணுக்கு எங்கே போவது? காசு கொடுத்து வாங்கினாலும் மூடையை மேலே ஏற்றுவதற்குள் இடுப்பு போய்விடும், லிஃப்ட் வேலை செய்யாத நாள் என்றால் கேட்கவே வேண்டாம், எல்லாம் ஏற்றி முடித்த பிறகு நனைந்த மண்ணின் பாரத்தைப் பல்கனி தாங்குமா என்று வீட்டுக்காரர் வந்து கேட்பார். அதனால்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தேங்காய்ப் பொச்சுக்கும் நெல் உமிக்கும் வந்து சேருகிறோம். பாரம் இல்லை, மலிவு, இலங்கையில் இவற்றுக்குத் தட்டுப்பாடும் இல்லை.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், கீழே வருகிற எல்லாப் படிகளும் இதிலிருந்துதான் வருகின்றன: உமியும் பொச்சும் உரம் இல்லை. அவற்றில் செடிக்குச் சாப்பாடு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வேருக்குத் தண்ணீரும் காற்றும் கிடைக்க இடம் செய்து கொடுப்பதுதான் அவற்றின் வேலை. பொச்சின் தூளான தும்புச்சோறு தண்ணீரைப் பிடித்து வைக்கும், உமி தண்ணீரை ஓடவிடும், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இது தெரியாமல் கையில் கிடைத்ததைச் சாடியில் கொட்டிவிட்டு, "கன்று மஞ்சளாகுதே, என்ன போடலாம்?" என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

கடையில் என்ன கேட்பது

செடிக் கடைகளில் பேச்சு பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும்தான் நடக்கும், பக்கற்றில் எழுதியிருப்பதும் ஆங்கிலம்தான். 'ஹஸ்க்' என்று மட்டும் கேட்டால் என்ன கிடைக்கும் என்பது கடைக்காரரிடம் அன்று என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேங்காயின் பொச்சும் ஹஸ்க், நெல்லின் உமியும் ஹஸ்க், சோளப் பொத்தியைச் சுற்றியிருக்கிற மடலும் ஹஸ்க், பாமசியில் மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோலும் ஹஸ்க். (கடைசியதைச் சாடியில் போட்டால் தண்ணீர் பட்டதும் களியாகிவிடும், அது வயிற்றோடு நிற்கட்டும்.) 'ஹல்' என்று பக்கற்றில் இருந்தால் பெரும்பாலும் உமி. 'கோகோ பீட்' என்றால் தும்புச்சோறு, அதாவது பொச்சிலிருந்து தும்பைப் பிரித்தெடுக்கும்போது உதிர்கிற தூள். 'ஹஸ்க் சிப்ஸ்' என்றால் பொச்சைச் சிறு துண்டுகளாக வெட்டியது.

குழப்பம் வேண்டாம் என்றால் சிங்களத்திலேயே கேளுங்கள்: தும்புச்சோற்றுக்குக் 'கொஹுபத்', உமிக்குத் 'தஹையா', பொச்சுக்குப் 'பொல் லெலி'. யாருக்கும் சந்தேகம் வராது.

ஒரே ஒரு எச்சரிக்கை, 'ப்ரான்' என்று எழுதியிருந்தால் அது தவிடு. உமி நெல்லின் வெளிக்கூடு, தவிடு அதற்குள்ளே அரிசியோடு ஒட்டியிருக்கிற மெல்லிய படை. தவிட்டில் எண்ணெயும் புரதமும் இருப்பதால் ஈரச் சாடியில் போட்டால் இரண்டு மூன்று நாளில் புளித்த வாடையும் பூஞ்சணமும் எறும்பும் சேர்ந்து வரும். கோழிக்குப் போடலாம், கொம்போஸ்ட் குவியலில் கொஞ்சம் தூவலாம், சாடிக்கு வேண்டாம்.

வாங்குகிற இடம் என்றால் தும்புச்சோற்றுக் கட்டி இப்போது சுப்பர்மார்க்கற்றிலேயே கிடைக்கிறது. பத்தரமுல்ல தியத்த உயனப் பக்கச் செடிக் கடைகளில் பொச்சுத் துண்டு, உமிக்கரி எல்லாம் பையாக விற்கிறார்கள். உமி மூடையாக வேண்டும் என்றால் நெல் ஆலைப் பக்கம்தான் போக வேண்டும், கம்பஹா மாவட்டத்தில் மரந்தகஹமுல அதற்குப் பேர்போன இடம். ஒரு மூடையே பத்துச் சாடிக்குக் காணும் என்பதால் பக்கத்து வீட்டாரோடு பங்கு போடுவது நல்லது, உமி பாரம் இல்லை ஆனால் இடத்தைப் பிடிக்கிற சாமான்.

தும்புச்சோறு: ஊறவைத்து, கழுவி, பிறகுதான் சாடி

புதிதாகத் தொடங்குபவர் 650 கிராம் சிறு கட்டி ஒன்றோடு தொடங்கினால் போதும். 5 கிலோ கட்டி விலைக்கு இலாபம்தான், ஆனால் அது ஊதினால் 60 லீற்றருக்கு மேல் வரும், குளியலறை முழுக்க அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு வாளியில் கட்டியை வைத்து நாலு லீற்றர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். இளஞ்சூடான தண்ணீர் என்றால் வேகமாக ஊறும். அரை மணித்தியாலத்தில் மேற்பக்கம் பொலபொலவென்று உதிரத் தொடங்கும், உள்ளே மட்டும் மாங்கொட்டை அளவில் ஒரு காய்ந்த கட்டி நிற்கும், அதைக் கையால் உடைத்துவிடுங்கள், கரண்டியால் குத்தினால் வாளிதான் உடையும். கடைசியில் எட்டு ஒன்பது லீற்றர் தூள் இருக்கும்.

இதோடு நிறுத்திவிட்டுக் கன்று நடுகிறவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். பொச்சில் இயற்கையாகவே பொட்டாசியமும் குளோரைட்டும் அதிகம், தென்னை உப்புக்காற்றில் செழிக்கிற மரம் அல்லவா. அதோடு தெற்குக் கரையில் தும்பு எடுப்பவர்கள் பொச்சை மாதக்கணக்கில் களப்பு ஓரத்துக் குழிகளில் ஊறவைப்பார்கள், அந்தத் தண்ணீரின் உப்பும் உள்ளே ஏறிவிடும். எல்லாத் தும்புச்சோறும் அப்படி வருவதில்லை, குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்து ஆலைகளில் காய்ந்த பொச்சைக் கொஞ்சம் நனைத்து இயந்திரத்தில் அடித்து எடுப்பதும் நிறைய உண்டு, அதில் உப்பு குறைவு. ஆனால் கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே எது வந்தாலும் கழுவுங்கள்.

கழுவுவதற்குப் பழைய தலையணை உறை நல்ல சாமான். தூளை உள்ளே போட்டு, வாயைக் கட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கி, தூக்கி, பிழிந்து, தண்ணீரை மாற்றி மறுபடி அமுக்குங்கள். மூன்று தடவை. முதல் தண்ணீர் கடும் தேயிலை நிறத்தில் வரும், மூன்றாவது வெளிறியிருக்கும். இந்த நிறம் பொச்சின் சாயம், உப்புக்கு நிறம் கிடையாது, அதனால் இரண்டாவது தண்ணீரே தெளிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்க மீன் தொட்டிக் கடையில் விற்கிற சின்ன டீ.டீ.எஸ். மீற்றர் இருந்தால் கடைசித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் அளந்து பாருங்கள், இரண்டும் கிட்டக்கிட்ட வந்தால் சரி. அந்தத் தேயிலைத் தண்ணீரைப் பல்கனி ஓட்டை வழியாக விடாதீர்கள், கீழ்வீட்டில் வெள்ளைச் சீலை காயப்போட்டிருந்தால் கறை போகாது, அதற்குப் பிறகு அந்த வீட்டு அன்ரியின் முகத்தைப் பார்க்கவும் முடியாது.

கழுவினாலும் ஒரு குறை பாக்கி. தும்புச்சோறு பொட்டாசியத்தையும் சோடியத்தையும் தன்னில் பிடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் போடுகிற கல்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்த இடத்தில் இழுத்துக்கொள்ளும், செடிக்குக் கிடைக்காது. தக்காளிக் காயின் அடி கறுத்து அழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய பண்ணைகளில் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைப்பார்கள். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், ஒரு வாளித் தூளுக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைற்று (ஒரு வகைச் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்து, ஈரமாகவே மூடி ஒரு வாரம் வைத்துவிடுங்கள். டொலமைற்றில் கல்சியமும் மக்னீசியமும் இரண்டும் இருக்கிறது, உள்ளூர்ச் சாமான், உரக்கடையில் கேட்டால் கிலோக் கணக்கில் தருவார்கள்.

சாடிக்குக் கலக்கும் அளவு

மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டிக்கு: தும்புச்சோறு இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் இரண்டு பங்கு, உமிக்கரியோ பச்சை உமியோ ஒரு பங்கு. சிரட்டையால் அளந்தாலும் வாளியால் அளந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை போல ஈரம் பிடித்த கீரைகளுக்கு உமியை விட்டுவிடலாம். கறிவேப்பிலைக்கு மறுபக்கம், அது வருடக்கணக்கில் ஒரே சாடியில் நிற்கிற மரம், தும்புச்சோறு மட்டும் என்றால் காற்றில் ஆடி வேர் பிடிக்காமல் சரியும், அதற்குக் கொஞ்சமாவது மண்ணும் மணலும் கலக்கத்தான் வேண்டும், ஒரு சாடி மண் என்றால் இடுப்பு தாங்கும். ரம்பைக்கு எதுவும் சரி, அது எதிலும் வரும்.

கலவையைக் கையில் அள்ளி இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு வந்து, கையைத் திறந்ததும் உருண்டை தானாக வெடித்தால் பதம். தண்ணீர் ஒழுகினால் உமி கூடட்டும். உருண்டையே பிடிக்காவிட்டால் தும்புச்சோறு கூடட்டும்.

தண்ணீர் ஊற்றுவதில்தான் நிறையச் செடி சாகிறது

தும்புச்சோறு தன் நிறையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். மேற்பரப்பு மட்டும் காற்றில் சீக்கிரம் காய்ந்து வெளிர் மண்ணிறமாகிவிடும், அதைப் பார்த்து ஐயோ காய்ந்துபோச்சு என்று காலையிலும் பின்னேரமும் ஊற்றுவோம், அடியில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகிக்கொண்டிருக்கும். இலை வாடும், வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவோம்.

நிறத்தை நம்பாதீர்கள், பாரத்தை நம்புங்கள். சாடியை ஒரு பக்கம் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு ஒரு தடவை தூக்கி அந்தப் பாரத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும், பிறகு பாதி இலேசாகும்போது ஊற்றலாம். தூக்க முடியாத பெரிய சாடியில் விரலை இரண்டாம் மடிப்பு வரை உள்ளே விடுங்கள், நுனி குளிர்ந்தால் இன்றைக்கு வேண்டாம்.

காலி வீதிக்குக் கடற்பக்கம் இருப்பவர்களுக்குக் கடற்காற்று ஒரு தனிக் கணக்கு. சாடி சீக்கிரம் காயும், இலையில் உப்பும் படியும், அதனால் கிழமைக்கு ஒரு தடவையாவது இலைகளுக்கு மேலால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுங்கள். மறுபக்கம் ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர மழை தினமும் கொட்டுகிற நாட்களில் திறந்த சாடிகளுக்கு நீங்கள் ஊற்றவே தேவையில்லை, அடி ஓட்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டால் காணும்.

சாப்பாடு? முன்பே சொன்னதுதான், கொம்போஸ்ட்டில் இருப்பது முதல் ஒரு மாதத்துக்கு. பிறகு வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். தும்புச்சோற்றில் நைதரசனுக்கு எதிராகக் காபன் 100 மடங்குக்கும் மேல் இருக்கிறது, அதை மக்கச் செய்கிற நுண்ணுயிர்கள் நைதரசனைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், பழைய அடியிலைகள் மஞ்சளாவது பெரும்பாலும் இதனால்தான். இலங்கையில் எல்லா உரக்கடையிலும் கிடைக்கிற அல்பர்ட் கரைசல் தூளைப் பக்கற்றில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்துக் கிழமைக்கு இரண்டு தடவை ஊற்றினால் பிரச்சினை இல்லை. இயற்கை உரம்தான் வேண்டும் என்பவர்கள் நன்றாகக் காய்ந்து பழுத்த கோழி எருவைக் கைப்பிடி அளவு மேலே கிளறிவிடலாம், பச்சை எரு வேண்டாம், வேரும் எரியும், பக்கத்து வீடும் எரிந்து விழும்.

2022இல் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள் அல்லவா, அப்போது கொழும்பு முழுக்கச் சாடியும் உரப்பையுமாக இருந்தது. எத்தனையோ வீடுகளில் அந்தச் சாடிகள் இப்போது வெறுமனே கிடக்கின்றன. வெறும் தும்புச்சோற்றில் நட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் ஊற்றினால் எந்தக் கன்றும் ஒன்றரை மாதத்தில் அப்படியே நின்றுவிடும், ஆட்களுக்கும் அலுத்துவிடும்.

உமி: பச்சையாகவும் கரியாகவும்

நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. மாடும் தின்னாது, இலகுவில் மக்கவும் மக்காது, காரணம் அதிலிருக்கிற சிலிக்கா. உமியை முழுதாக எரித்தால் மிஞ்சுகிற சாம்பலில் பெரும்பகுதி அதுதான். ஊரில் உமிக்கரியால் பல் விளக்கியவர்களுக்கு அந்த நறநறப்பு ஞாபகம் இருக்கும். எங்களுக்கு வேண்டியது இந்த மக்காத குணம்தான்: சாடிக்குள் இரண்டு வருடம் இருந்தாலும் அமுங்காமல் காற்றுக்கு வழி விட்டு நிற்கும்.

பச்சை உமியை மூடையிலிருந்து நேராகப் போடாதீர்கள். அதில் ஆலையில் தப்பிய நெல்லும் அரைகுறைக் குறுணலும் இருக்கும். சாடியில் நெல் முளைப்பது கூடப் பரவாயில்லை, குறுணலுக்கு எலி வரும், கொழும்பில் எலிக்கு அழைப்பிதழ் தேவையில்லை. உமியை நனைத்து உரப்பையில் கட்டி இரண்டு கிழமை ஒரு மூலையில் வையுங்கள், இடையில் ஒரு தடவை புரட்டி மறுபடி நனையுங்கள். முளைக்கிறது முளைத்துச் சாகும், அழுகுகிறது அழுகும். பிறகு காயவைத்துப் பாவிக்கலாம்.

சாடியின் மேலே மூடாக்காக உமி போடச் சொல்வார்கள். தரையில் இருக்கிற தோட்டத்துக்குச் சரி. நாலாம் மாடியில் ஒரு காற்று அடித்தால் உமி முழுக்க வீட்டுக்குள் வந்துவிடும், மூடாக்குக்குப் பொச்சுத் துண்டுதான் நல்லது. உமியைக் கொட்டும்போது முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், அந்தத் தூசு தொண்டையில் நின்று அரிக்கும்.

உமிக்கரி இன்னும் நல்ல சாமான், ஆனால் பிளாட்டில் செய்ய முடியாது, வாங்கத்தான் வேண்டும். தெஹிவளை, வத்தளைப் பக்கம் வளவோடு வீடு இருப்பவர்களுக்குச் செய்முறை இது. பழைய எண்ணெய்த் தகரத்தின் பக்கமெல்லாம் ஆணியால் துளை போட்டு, மேலே புகை போக ஒரு குழாய் செருகுங்கள். தகரத்துக்குள் சிரட்டையையும் காய்ந்த பொச்சையும் போட்டுப் பற்றவைத்து, நன்றாகப் பிடித்ததும் அதைச் சுற்றி உமியைக் கோபுரமாகக் குவித்துவிடுங்கள். சுவாலை வராது, உள்ளிருந்து மெதுவாகக் கருகி வரும். குவியலின் மேற்பரப்பில் முதலில் ஒரு கறுப்புப் புள்ளி, பிறகு அங்கங்கே பல. அப்போது மண்வெட்டியால் அடியில் இருக்கிற மஞ்சள் உமியை மேலே இழுத்துப் போடுங்கள். எல்லாம் கறுத்ததும், சாம்பல் நிறம் எட்டிப்பார்ப்பதற்கு முன்னாலேயே, தண்ணீரை அள்ளி ஊற்றிக் கிளறி மறுபடி ஊற்றி அணையுங்கள். கரி வேண்டும், சாம்பல் வேண்டாம், ஒவ்வொரு உமியும் தன் ஓட வடிவம் கெடாமல் கறுப்பாக இருந்தால் சரியாக வந்திருக்கிறது. மேலே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், அதனால் மெல்லியதாகப் பரப்பி ஓர் இரவு விட்டு, கையை வைத்துப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் மட்டுமே பையில் கட்டுங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது, வீடு பற்றிவிடும். பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் இந்த வேலையே வேண்டாம்.

உமிக்கரி காரத்தன்மை உள்ளது. ஒரு தடவை கழுவிவிட்டுக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பில் பொச்சு எரித்த சாம்பலும் அப்படித்தான், பொட்டாசியம் நிறைய, காரமும் நிறைய, பூக்கிற மிளகாய்க்கு ஒரு தேக்கரண்டி போதும்.

பொச்சை அப்படியே பாவிப்பது

கொழும்பில் காசில்லாமல் கிடைக்கிற ஒரே சாமான் செவ்விளநீர் வண்டிக்காரர் குவித்து வைத்திருக்கிற பொச்சு. கேட்டால் சந்தோஷமாகத் தருவார், அதைக் கொண்டுபோய்க் கொட்ட அவருக்கும் இடமில்லை. ஆனால் அது பச்சைப் பொச்சு, தண்ணீர்ப்பிடிப்பு அதிகம், இனிப்பும் ஒட்டியிருக்கும், எறும்பும் பூஞ்சணமும் வரும். நாலாகப் பிளந்து ஒரு மாதம் வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் பயன்படுத்தலாம். முற்றிய தேங்காய்ப் பொச்சு கிடைத்தால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் கொழும்புச் சந்தைக்குத் தேங்காய் பெரும்பாலும் உரித்துத்தான் வருகிறது, வளவில் தென்னை நிற்கிற, அலவாங்கு வைத்திருக்கிற உறவுக்காரர் யாரையாவது பிடியுங்கள்.

காய்ந்த பொச்சைப் பெருவிரல் நகத்து அளவில் இருந்து தீப்பெட்டி அளவு வரை வெட்டி, தும்புச்சோற்றுக்குச் சொன்னது போலவே ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் மாற்றுங்கள். ஓர்கிட்டுக்கு இதோடு சிரட்டைக் கரியும் உடைந்த செங்கல் துண்டும் சேர்த்தால் வேறொன்றும் வேண்டாம். அந்தூரியத்துக்குப் பொச்சுத் துண்டோடு கொஞ்சம் கொம்போஸ்ட். மிளகாய்ச் சாடிக்கு அடியில் ஒரு படை, மேலே மூடாக்காக ஒரு படை.

வளவில் தென்னை நிற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னையைச் சுற்றிப் பொச்சை மேலே பரப்பினால் குழிந்த பக்கம் கீழே, முதுகு மேலே இருக்க வேண்டும், வெயில் மண்ணில் படாமல் ஈரம் நிற்கும். குழி வெட்டிப் புதைத்தால் நேர் மாறாகக் குழிந்த பக்கம் மேலே, ஒரு படை பொச்சு ஒரு படை மண் என்று, மழைத்தண்ணீரை அது ஏந்தி வைத்து வரட்சியில் வேருக்குக் கொடுக்கும். தென்னை வளர்க்கிற நாடுகளில் எல்லாம் இது பழைய வழக்கம், மேலதிக விபரம் வேண்டுமென்றால் லுணுவிலவில் இருக்கிற தென்னை ஆராய்ச்சி நிலையத்திடம் கேட்கலாம்.

நுளம்பு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள், கொழும்பு எப்போதும் பட்டியலின் மேல்பக்கத்தில்தான். மல்லாந்து கிடக்கிற ஒரு பொச்சில், ஒரு சிரட்டையில் தேங்குகிற மழைத்தண்ணீர் போதும், முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள்தான் எடுக்கும். பீ.எச்.ஐ. ஆட்கள் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) வளவைப் பார்க்க வரும்போது முதலில் கண் போவதும் இவற்றில்தான், நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கும் வரும், தண்டமும் வரும்.

ஆகவே பொச்சை வெட்டும்வரை மழை படாத இடத்தில், குழிந்த பக்கம் கீழே பார்க்க அடுக்குங்கள். ஊறவைக்கிற வாளியை மூடி வையுங்கள், அதுவும் தேங்கிய தண்ணீர்தான். சாடிக்கு அடியில் வைக்கிற தட்டுகளை எடுத்தே விடுங்கள், இல்லாவிட்டால் மணல் நிரப்புங்கள். வெறுமனே தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் வந்ததும் பொரிக்கும். தும்பு பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஒரு போகம் முடிந்த பிறகு

பழைய கலவையை எறியத் தேவையில்லை. வேர்களைப் பொறுக்கி, சாடியின் அடி ஓட்டையால் ஓடும்வரை நல்ல தண்ணீர் விட்டு உரத்தின் உப்பைக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் பரப்பி, மூன்றில் ஒரு பங்கு புதுக் கொம்போஸ்ட் கலந்து மறுபடி நடலாம். தும்புச்சோறு இரண்டு மூன்று வருடத்தில் நொறுங்கிச் சேறு போல அமுங்கத் தொடங்கும், அப்போது அதைக் கொம்போஸ்ட் தொட்டியிலோ வளவு மரத்தடியிலோ போட்டுவிட்டுப் புதுக் கட்டி வாங்குங்கள். உமி அதற்குள்ளும் அப்படியே இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் பாருங்கள். தக்காளியோ கத்தரியோ மிளகாயோ இலை பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொங்கிச் செத்திருந்தால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீருக்குள் தொடுகிற மாதிரி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து வெள்ளை நூல் போலப் பால் மாதிரி ஒன்று கீழே இறங்கினால் அது பக்ரீரியா வாடல். அந்தச் சாடியின் கலவையில் இந்த மூன்றில் எதையும் இனி நடக்கூடாது, கொம்போஸ்ட்டிலும் சேர்க்கக்கூடாது. பையில் கட்டிக் குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டு, சாடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வையுங்கள், அடுத்த தடவை அதில் கங்குனோ பொன்னாங்காணியோ போடலாம்.